மூன்று விசில்

1

இந்தக் கதை ஒரு தப்பான விசிலில் பிறந்தது. யார் தப்பு என்று இப்போதே சொன்னால் நீங்கள் என் பக்கம் நிற்கமாட்டீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

முதல் தொடக்கம்: ஜவ்வாது மலையைப் பனி போர்த்தியிருந்த காலை…

[வேண்டாம். அந்தப் பனியில்தான் ரம்யாவுக்கு மூச்சிழுப்பு வருகிறது. அதை அழகாக எழுத எனக்குக் கை வரவில்லை.]

இரண்டாவது: ரம்யாவுக்கு ஏழு வயது. அவள் அம்மாவின் பெயர் சின்னக்குழந்தை. [ரேஷன் கார்டில் இருக்கிற பெயர். மாற்றமாட்டேன்.] அடிவாரத்து ஆஸ்பத்திரியில் நர்ஸ் ரைஹானா நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "சின்னக்குழந்தை, விரலை நீட்டு" என்றார். அம்மா நீட்டினாள். ஆக்சிஜன் பார்க்கும் கிளிப் தொண்ணூற்றொன்பது காட்டியது.

"குழந்தை நல்லாத்தானே இருக்கு?"

"நான் நல்லாத்தாங்க இருக்கேன். என் பொண்ணுக்குத்தான் மூச்சு வாங்குது."

2

மருத்துவம் முன்னேறிவிட்டது, உண்மை. முன்பெல்லாம் மூச்சுத் திணறும்போது வாயில் அடிக்க ஒரு பம்ப், தினமும் அடிக்க வேறொரு பம்ப். இப்போது ரம்யாவுக்கு ஒரே பம்ப் இரண்டு வேலையும் பார்க்கிறது. அதைப் பொருத்திக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் குழாய். அதன் நுனியில் குட்டி விசில். கூடவே ஒரு துண்டுக் காகிதம், முழுக்க இங்கிலீஷில். மலைக்கு வரும் மருந்து மலையின் பாஷையில் ஏன் வருவதில்லை என்று கேட்டால், நான் எப்போதும் கோபப்படுகிறேன் என்கிறார்கள். ஆமாம், படுகிறேன்.

3

ஒரு மாதம். காலையில் மூன்று விசில், சாயங்காலம் மூன்று. ரம்யா விர்ரென்று இழுப்பாள், குழாய் கூவும், அம்மா எண்ணுவாள். குக்கர் கணக்கு.

இழுப்பு மட்டும் குறையவில்லை.

"இன்னாடி மருந்து இது? விசிலு நல்லா வருது, மூச்சு வரல. தூக்கி அடுப்புல போட்டுட்டு ஊசி போட்டுக்கலாம்."

"அய்யோ, வேணாம்மா! விசிலு என்னுது!"

அடுத்த வாரத்துக்குள் மருந்து கேட்காவிட்டால் பம்ப் அடுப்புக்குத்தான் என்று சொல்லிவிட்டு, சின்னக்குழந்தை மகளோடு பஸ் ஏறினாள்.

4

ஆஸ்பத்திரியில் ரம்யா பெருமையாக ஊதிக் காட்டினாள். இல்லை, இழுத்துக் காட்டினாள். மூன்று விசில். ரைஹானா தலையில் கை வைத்தார்.

"விசில் வரவே கூடாதும்மா! வேகமா இழுத்தாத்தான் அது கத்தும். மருந்து தொண்டையிலயே ஒட்டிக்கும், நெஞ்சுக்குள்ள போவாது. மெதுவா இழுக்கணும். மூணு விசிலுன்னு யார் சொன்னது?"

யார் சொன்னது?

பம்ப் கொடுத்த அன்று டாக்டர் திமிராக முகத்தைத் திருப்பிக்கொண்டு… [பொய். பொறுமையாகத்தான் சொன்னார். பயத்தில் அக்கா காதில் ஏறவில்லை.]

நர்ஸ் அவசரத்தில்… [அதுவும் பொய்.]

சின்னக்குழந்தை தயங்கினாள். "என் தங்கச்சி சசிகலா சொன்னா. பி.எஸ்ஸி. படிச்சவ. எங்க வூட்டுலயே மொதல்ல காலேஜு போனவ."

சசிகலா அந்தக் காகிதத்தை வாங்கி, ஊர் பார்க்க, கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தாள். 'விசில்' என்ற சொல்லைக் கண்டாள். மீதி வரி முழுசாகப் புரியவில்லை. புரியவில்லை என்று சொல்லப் பட்டம் விடவில்லை. "விசில் வரும்க்கா. மூணு வெச்சுக்கோ" என்றாள்.

[சசிகலா என்று பெயர் போட்டால் தப்பிக்கலாம் என்று பார்த்தேன்.]

5

முடிவு ஒன்று: ரம்யா குணமாகிப் பள்ளி ஓட்டப்பந்தயத்தில் முதலாவதாக வருகிறாள். [அவள் வகுப்பில் வேகமாக ஓடுகிற பிள்ளைகள் நிறைய.]

முடிவு இரண்டு: சித்தி மன்னிப்புக் கேட்கிறாள். [கேட்டாயிற்று. "போடி, குக்கரு படிச்சவளே" என்றாள் அக்கா.]

மூன்றாவதை நான் எழுதப்போவதில்லை. இப்போது ரம்யா குழாயை வாயில் வைத்திருக்கிறாள். விசில் இல்லாவிட்டால் என்ன சுகம் என்று முகத்தில் எழுதியிருக்கிறது. "மெதுவாடி, தங்கம்" என்கிறேன். அக்கா குக்கர் அடுப்பைப் பாதியிலேயே அணைத்துவிட்டாள், இரண்டு விசிலும் குழம்பக் கூடாதென்று. சோறு அரைவேக்காடு.

காது கொடுத்துக் கேளுங்கள். தயவுசெய்து பக்கத்தைத் திருப்பாதீர்கள், சரசரக்கும்.