மூடாமல் வைத்த ஒரு நாள்

ராவிரிக்கு இடுப்பு விண்விண்ணென்று தெறித்தது. ஆஸ்திரேலியாக் கொட்டகைகளில் வருஷக்கணக்காகக் குனிந்து ஆட்டு மயிர் கத்தரித்த இடுப்பு. நாடு திரும்பிச் சுற்றுலா வேன் ஓட்டுகிற பிழைப்புக்கு மாறியும் விடமாட்டேன் என்கிறது. பின்சீட்டில் தலைநகர் வெல்லிங்டனிலிருந்து வந்த வயசான தம்பதி. காலையில் கலங்கரை விளக்கம், பிறகு செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கடலோரமாக ஒரு நடை, ஐஸ்கிரீம். எதற்கும் அவசரப்படாத ஜனங்கள். மத்தியானம் மராயில் வரவேற்பும் சாப்பாடும்.

அந்த மராய் அவனுடைய பழங்குடிக் குலத்தின் சபை வீடு. வழக்கமாக வருகிற டிரைவருக்குக் காய்ச்சல். இல்லாவிட்டால் ராவிரி இந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுத்திருக்கமாட்டான். அண்ணன் ஹொஹேபா செத்ததற்கு வராதவன் எந்த முகத்தோடு வருவது?

"நான் வேன்லயே இருக்கேன்," என்றான்.

"நல்லா இருக்கே!" என்றாள் அந்த அம்மாள். "அவங்க மொழியில வரவேற்பாங்க, பதில் பேச எங்களுக்கு வாய் ஏது? வாங்க ராவிரி."

போனான். முகப்பில் கறுப்பு உடுத்தி நின்று வரவேற்புக் குரலெடுத்தவள் அக்கா நாஹுயா. வந்தவர்களை அழைத்தாள், அவர்களோடு கூட வருகிற செத்தவர்களையும் அழைத்தாள். அவனைப் பார்த்ததும் குரல் அறுந்தது. பிறகு முடிச்சுப் போட்ட கயிறுபோலத் தொடர்ந்தது. பேச்செல்லாம் முடிந்து வழக்கப்படி மூக்கோடு மூக்கு ஒற்றினார்கள். கிழவருக்கு எவ்வளவு நேரமோ அவ்வளவுதான் தம்பிக்கும்.

உள்ளே சுவர் நிறையச் செத்தவர்களின் படங்கள். ஹொஹேபா கையில் ஒரு பெரிய மீனோடு பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். வீட்டு ஆள் என்றால் அந்தப் படத்தைத் தடவி வாய்விட்டு அழவேண்டும். கண்ணீரும் மூக்குச்சளியும் ஒழுகினால்தான் சாவுக்கு ஈடாகும் என்பது அவர்கள் வழக்கு.

"இவரு சாடை உங்களுக்கு இருக்கே, யாரு?" என்றாள் அந்த அம்மாள்.

காசு கொடுத்துச் சந்தோஷமாகச் சுற்ற வந்தவர்கள் முன்னால் எப்படி அழுவது?

"இந்த ஊர்க்காரர்," என்றான்.

பின்னால் நாஹுயா நின்றிருந்தாள்.

சாப்பாட்டுக் கூடத்தில் அவன் தட்டில் மட்டிச் சிப்பியும் சர்க்கரைவள்ளியும் குவித்து வைத்தாள். அதுதான் பயமாக இருந்தது.

"தின்னுடா, வெளியூர்க்காரா."

"அக்கா, அப்ப மயிர் வெட்டுற சீசன். மேஸ்திரி விடல..."

"நீ லீவே கேக்கலேன்னு உன் கூட்டாளி போன்ல சொன்னான்." மட்டி ஓட்டை வாளியில் எறிந்தாள். "பெட்டியத் தெறந்து மூணு நாள்தான் வைப்போம். உனக்காக நாலாவது நாளும் வச்சோம். பெட்டிய மூட வந்த பெருசுங்ககிட்ட, 'ராவிரி வந்துக்கிட்டே இருக்கான்'னேன். அவன் தலைமாட்டுல உக்காந்துகிட்டுப் பொய் சொன்னேன்டா."

அவன் தட்டை ஒதுக்கினான்.

"இப்பப் போய் அழட்டுமா?"

"வேன் ஓட்ட வந்த எடத்துல, போற போக்குல அழுதுட்டுப் போவியா? பொண்டாட்டி புள்ளைங்களக் கூட்டிக்கிட்டு வா. வாசல்ல வந்து நில்லு. நான் கூப்பிடுறேன்."

"எப்ப வரட்டும்?"

"எனக்குக் குரல் இருக்கிறப்பவே வா."

வேனில் ஏறியதும் கிழவர் நிறைவாக ஏப்பம் விட்டார். "அருமையான நாளுப்பா. கடலோரமாவே போலாமா?"

ராவிரி தலையாட்டிவிட்டு வண்டியைக் கிளப்பினான். கண்ணாடியில் சபை வீட்டின் கூரை சிறுத்துக்கொண்டே போனது. ஹொஹேபாவுக்கு அவன் அழவேண்டிய அழுகை இன்னும் பாக்கி.