ஞானத்தாய் வீட்டில் ஒரு கோடை

சுலேமா தான் நடத்தப்போகும் கோடைப் பள்ளிக்கு ஜூன், ஜூலை மாதங்களைக் குறித்தபோது ஊரே அவளை மெச்சியது. செப்டம்பரில் ஒன்றாம் வகுப்புக்குப் போகிற மெக்சிகோக்காரப் பிள்ளைகளுக்கு அதற்குள் கொஞ்சம் இங்கிலீஷ் கற்றுக்கொடுத்துவிட வேண்டும் என்பது திட்டம். உரிமைக்குப் போராடுகிற சங்கத்துக்காரர்கள் சர்ச் கூடத்தில் குட்டி நாற்காலிகளைக் கொண்டுவந்து போட்டார்கள். ஜூனில் பிள்ளைகள் எங்கே இருப்பார்கள் என்று யோசிக்க மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை.

எர்லிந்தாவுக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. தெற்கு டெக்சஸில் அந்த ஊரில் பாதிப் பேர் மே கடைசியில் லாரி ஏறி மிச்சிகனுக்குச் செர்ரி பறிக்கப் போய்விடுவார்கள். அது முடிந்தால் வெள்ளரி, அப்புறம் தக்காளி. திரும்ப அக்டோபர் ஆகும். சுலேமாவின் புருஷன் சலூன் வைத்திருப்பவர். நிழலில் பிழைக்கிற வீட்டுக்கு இதெல்லாம் எப்படி நினைவு வரும்?

"பள்ளிக்கூடம் யாருக்கு நடத்தப்போறீங்க, கொமாத்ரே? நாற்காலிக்கா?" என்று நேராகவே கேட்டுவிட்டாள்.

எர்லிந்தாவின் மகள் தெல்ஃபினாவுக்குச் சுலேமா ஞானத்தாய். ஞானஸ்நானம் முடிந்த நாளிலிருந்து பெற்றவளும் ஞானத்தாயும் ஒருவரையொருவர் கொமாத்ரே என்றுதான் கூப்பிட வேண்டும்; பிள்ளையின் அப்பா கொம்பாத்ரே. கூடவே வளர்ந்தவர்கள்தான், ஆனாலும் நீ, வா, போ எல்லாம் அன்றோடு போயிற்று. குத்திக்காட்டுவதைக்கூட மரியாதையாகத்தான் செய்தாக வேண்டும்.

சுலேமாவின் முகம் சுண்டிவிட்டது. "என் புத்திய எங்க அடகு வெச்சேனோ தெரியல. ஃபாதர் அந்த ரெண்டு மாசந்தான் கூடத்தத் தராரு." கொஞ்சம் யோசித்துவிட்டு, "புள்ளைய என்கிட்ட விட்டுட்டுப் போங்க, கொமாத்ரே" என்றாள்.

எர்லிந்தாவுக்கு மகனின் நினைவு வந்தது. மூத்தவன் ரெய்முண்டோவை இங்கிலீஷ் தெரியவில்லை என்று மூன்று வருஷம் ஒரே வகுப்பில் உட்காரவைத்தார்கள். அவன் பள்ளிக்கூடமே வேண்டாம் என்று அப்பனோடு செர்ரி மரம் ஏறிவிட்டான். மகளும் அப்படி ஆகிவிடக் கூடாது. அதற்காக ஐந்து வயதுக் குழந்தையை இத்தனை மாதம் பிரிந்திருக்க முடியுமா?

புருஷன் எவரிஸ்டோ குதித்தான். "பெத்த புள்ளைய விட்டுட்டு வந்தவன்னு லாரி பூரா பேசுவானுங்க!"

சுலேமா விடவில்லை. "கொம்பாத்ரே, நீங்க இல்லாத எடத்துல நான் தாயா இருப்பேன்னு சர்ச்சுல மெழுகுவத்தியப் புடிச்சுக்கிட்டுச் சொன்னேனா இல்லையா? அன்னிக்கு நல்லாத் தலையாட்டிட்டு, விருந்துல கோழிக் குழம்ப சட்டியோட காலி பண்ணீங்களே!"

எவரிஸ்டோ மகளின் துணிகளைத் தனி மூட்டையாகக் கட்டினான். இந்தப் பேச்சு ஊரெல்லாம் பரவ, மற்ற ஞானத்தாய்மாரும் ஆளுக்கொரு பிள்ளையைத் தங்கள் வீட்டில் வைத்துக்கொண்டார்கள். நாற்காலிகள் நிறைந்தன.

அந்தக் கோடை முழுக்க எர்லிந்தாவின் கைதான் பழம் பறித்தது, மனம் ஊரில் கிடந்தது. அக்டோபரில் லாரி ஊருக்குள் நுழைந்ததும் மூட்டையைக்கூட இறக்காமல் பள்ளிக்கு ஓடினாள். உள்ளே போகப் பயம். ஒன்றாம் வகுப்பு ஜன்னலோரம் நின்று எட்டிப் பார்த்தாள்.

தெல்ஃபினா வளர்ந்திருந்தாள். பக்கத்தில், முந்தின வாரம்தான் வேறொரு லாரியில் வந்து சேர்ந்த சிறுமி காலை இடுக்கிக்கொண்டு நெளிந்துகொண்டிருந்தாள். கண்ணில் நீர் முட்டி நின்றது. வெள்ளைக்கார டீச்சர் ஏதோ கேட்டதற்குத் இன்னும் தலை குனிந்துகொண்டாள். தெல்ஃபினா எழுந்தாள். யாரும் கூப்பிடாமலே எழுந்து, டீச்சரைப் பார்த்து இங்கிலீஷில் ஏதோ சொன்னாள். டீச்சர் தலையசைத்தார். அந்தச் சிறுமியின் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்த தெல்ஃபினா அம்மாவைப் பார்த்து ஒரு கணம் திகைத்தாள்.

"அம்மா! இங்கயே இருங்க, இவள விட்டுட்டு ஓடியாந்துடறேன்" என்றபடி கழிப்பறைப் பக்கம் ஓடினாள்.

மகளை ஆசை தீரக் கொஞ்சி வகுப்புக்கு அனுப்பிவிட்டு எர்லிந்தா நேரே சுலேமா வீட்டுக்குப் போனாள். கண்டதைச் சொல்லி, "எம்பொண்ணு என்னதான் சொன்னா, கொமாத்ரே?" என்று கேட்டாள்.

"வேறென்ன, 'இவளுக்கு அவசரம் டீச்சர், நான் கூட்டிட்டுப் போகட்டுமா'ன்னு கேட்டிருப்பா. மொத நாளே சொல்லிக்குடுத்தது அதுதான்."

எர்லிந்தா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "ரெய்முண்டோ பள்ளிக்குப் போன மொத நாள் நனைஞ்ச கால்சட்டையோடதான் வீட்டுக்கு வந்தான். வகுப்பே சிரிச்சுதாம். அவனுக்காகக் கேக்க ஒருத்தரும் இல்ல, கொமாத்ரே."

சுலேமா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். எர்லிந்தா அவள் இரண்டு கைகளையும் பிடித்து, மாறி மாறி முத்தமிட்டு அழுதாள்.