இலவ மரத்திலிருந்து நூறு மீட்டர்

எங்கள் ஊருக்கு வருகிறவர்கள் எதைக் கொண்டு வர வேண்டும், எதை வீட்டிலேயே விட்டுவர வேண்டும் என்று சொல்லிச் சொல்லியே என் வாய் தேய்ந்துவிட்டது. ஜீன்ஸ் வேண்டாம், அக்டோபரில் நனைந்தால் ஊர் திரும்பும்வரை காயாது. பாஸ்போர்ட்டை நகல் எடுத்துத் தனியே வைத்துக்கொள். டார்ச் கொண்டு வா, மழை பெய்தால் கரண்டு போய்விடும். எல்லாவற்றுக்கும் மேலே, பாலம் கிடையாது, கார் ஆற்றில் இறங்கித்தான் போக வேண்டும், அதனால் மத்தியானத்துக்கு முன்னால் கடந்துவிடு. இங்கே வெயிலடிக்கும், மலையில் மழை கொட்டும், ஆறு சொல்லாமல் கொள்ளாமல் ஏறிவிடும். வாடகைக் காரை வெள்ளத்தில் விட்டால் காப்பீட்டுக்காரன் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான்.

நானும் என் புருஷன் வில்பர்த்தும் பார்தோ ஆற்றுக்கு அக்கரையில் மரக்குடில்கள் கட்டி, வெளியூர்க்காரர்களைத் தங்கவைத்த காலத்தில் நான் எழுதி அனுப்பியது இது. வழியும் நான்தான் எழுதினேன்: இலவ மரத்துக்கு நேராக ஆற்றைக் கடந்தால் நூறு மீட்டர். கோஸ்டா ரிக்காவில் கதவு எண்ணைக் கேட்டு எவன் வீடு கண்டுபிடித்திருக்கிறான்? இக்கரையில் நின்ற அந்த மரம்தான் ஊருக்கே விலாசம். அதன் அடியில் வில்பர்த் ஒரு தடித்த கயிற்றைச் சுருட்டி வைத்திருப்பான். வெள்ளத்தில் யாராவது மாட்டிக்கொண்டால் ஒரு முனையை மரத்தில் கட்டி, மறுமுனையை வீசுவான். எத்தனையோ பேரை அப்படி இழுத்துக் கரையில் போட்டிருக்கிறான்.

வில்பர்த் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தான். அவனுக்கான ஒன்பது நாள் ஜெபம் முடிந்து, வந்தவர்கள் காப்பி குடித்த கோப்பைகளை நான் கழுவிக்கொண்டிருந்தபோது அவன் தம்பி எவேலியோ வாசலில் வந்து நின்றான். நிலம் அப்பா பேரில் இருக்கிறது, அப்பாவுக்கு மிச்சமிருக்கும் பிள்ளை நான்தான், பிள்ளைகுட்டி இல்லாத அண்ணிக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டான். கையில் இருந்த கோப்பையை அவன் மண்டையில் போட்டிருக்க வேண்டும். போடவில்லையே என்று இன்றைக்கும் மனம் ஆறவில்லை.

ஊரைவிட்டு ஓடிவிடுவேன் என்று நினைத்திருப்பான். நான் ஓடவில்லை. இக்கரைக்கு வந்து, இலவ மரத்தை ஒட்டிச் சின்னதாக ஒரு சாப்பாட்டுக் கடை போட்டேன். நாங்கள் கட்டிய குடில்களை அவன் ஓட்டலாக்குவதைப் பார்த்துக்கொண்டே தினமும் சோற்றையும் கறுப்பு பீன்ஸையும் கிளறினேன். இவன் வயிறு எரிவதைக் கண்ணால் பார்க்காமல் சாக மாட்டேன் என்று மாதா படத்துக்கு முன்னால் சபதம் போட்டேன். அவள் காதில் நன்றாக விழட்டும் என்று சத்தமாகவே சொன்னேன்.

அடுத்த கோடையில் அவன் இலவ மரத்தை வெட்டினான். சாலையில் போகிறவர்களுக்கு, இக்கரையில் அவன் நட்ட ஓட்டல் போர்டு தெரியாமல் மறைக்கிறதாம். வில்பர்த்தை இரண்டாம் தடவை புதைத்த மாதிரி இருந்தது எனக்கு. கயிற்றை எடுத்து வைத்துக்கொண்டேன். மரத்தில் அறுத்த பலகை ஒன்றைக் கேட்டு வாங்கிக் கடைக்கு பெஞ்சு செய்தேன். இலவம் சீக்கிரம் உளுத்துவிடும் என்றார்கள். உளுக்கும்வரை இருக்கட்டும் என்றேன்.

எவேலியோவுக்குச் சொந்தமாக நாலு வரி எழுதத் தெரியாது. நான் எழுதியதையே தன் ஓட்டலின் இணையப் பக்கத்தில் போட்டுக்கொண்டான். ஆற்றைப் பற்றிய வரியை மட்டும் எடுத்துவிட்டான், படித்தால் விருந்தினர் பயப்படுவார்களாம். வழி அப்படியே இருந்தது: இலவ மரத்துக்கு நேராக. தன் கையால் வெட்டிய மரத்தையே விலாசமாகக் கொடுத்திருக்கிறோம் என்று அவனுக்கு உறைக்கவே இல்லை. ஊரிலும் யாருக்கும் அது தப்பாகப் படவில்லை, நாங்கள் எல்லோரும் இன்னும் மரத்தை வைத்துத்தான் வழி சொல்கிறோம். வெளியூர்க்காரர்கள்தான் என் கடை வாசலில் காரை நிறுத்திவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

அப்படித்தான் இலேயானா ஒரு ஜீப்பில் வந்தாள். தலைநகரில் ஒரு பெரிய சுற்றுலாக் கம்பெனியில் இருக்கிறாள். ஓட்டல் சரியாக இருந்தால் வருஷம் முழுக்க அங்கே ஆட்களை அனுப்புவார்கள், அதைப் பார்க்கத்தான் வந்திருந்தாள். எவேலியோ கடன் வாங்கி வெள்ளையடித்துவிட்டு இவளுக்காகத்தான் காத்திருந்தான். மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம். பெஞ்சில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"இலவ மரம் எங்க இருக்குங்க?"

"அதுமேலதான் உக்காந்திருக்கீங்க."

அவளுக்குச் சூடாக வெல்லத் தண்ணீர் கொடுத்து, இன்றைக்கு அக்கரை போக வேண்டாம் என்றேன். மலை உச்சி கறுத்திருந்தது. ஆறு பால் விட்ட காப்பி நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. அவள் எவேலியோவைப் போனில் கூப்பிட்டுச் சொன்னாள். அது பொறாமை பிடித்த பொம்பளை, கணுக்கால் தண்ணிக்கு ஊரைக் கூட்டுவாள், நானே காரில் வந்து கூட்டிப்போகிறேன் என்று அவன் கத்தியது எனக்கே கேட்டது. வராதே என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாயை மூடிக்கொண்டு பாத்திரம் கழுவினேன்.

வந்தான். நடு ஆற்றில் வண்டி ஒரு தடவை இருமிவிட்டு நின்றது. அதற்குள் தண்ணீர் கதவுக்கு வந்துவிட்டது. ஜன்னல் வழியாக நெளிந்து வெளியே வந்து கூரைமேல் ஏறி உட்கார்ந்தான்.

"அண்ணி, கயிறு! அண்ணன் கயித்த எடுங்க!"

கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு நிதானமாக இறங்கிப் போய்க் கரையில் நின்றேன்.

"கயிறு இருக்கு கொழுந்தனாரே. எதுல கட்டுறது?"

"மரத்துல..." என்று ஆரம்பித்தவன் கரையைப் பார்த்தான். அவன் போர்டு மட்டும் ஒற்றைக் குச்சியில் ஆடிக்கொண்டிருந்தது. அவன் முகம் போன போக்கைப் பார்த்தபோது என் நெஞ்சு குளிர்ந்தது.

"எந்த மரத்துல? நின்ன மரத்த யாரு வெட்டினது?"

"நான்தான்."

"ஆறு இரையுது, காது கேக்கல. ஆத்தப் பத்தி நான் எழுதின வரிய யாரு எடுத்தது?"

"நான்தான் அண்ணி, நான்தான் எடுத்தேன்!"

"அந்தக் குடில யாரு கட்டினது?"

"அண்ணனும் நீங்களும். கயித்த வீசுங்க அண்ணி, உங்க கால்ல விழறேன்."

தண்ணீர் ஜன்னலைத் தாண்டிவிட்டது. எனக்கு இன்னும் கேட்க நிறைய இருந்தது. இலேயானா என் கையைப் பிடித்து உலுக்கினாள். "போதும்மா, செத்துருவாரு. என் ஜீப்புல கட்டுங்க." வில்பர்த்தின் கயிறு அதுவரை யாரையும் சாக விட்டதில்லை. வில்பர்த்துக்காகத்தான் ஜீப்பில் கட்டி மறுமுனையை வீசினேன். எவேலியோ கரைக்கு வந்து குப்புறக் கிடந்து சேற்றுத் தண்ணீரைக் கக்கினான். கார் கழிமுகம்வரை போய்விட்டது.

இலேயானா ஜீப்பைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள். அந்தக் கம்பெனி அவன் ஓட்டலுக்கு ஒரு ஆளைக்கூட அனுப்பவில்லை. தனியாக வருகிறவர்களை வைத்துத்தான் அவன் பிழைப்பு நடக்கிறது, அவர்களுக்கும் வழி சொல்லியாக வேண்டும். போர்டை வைத்துச் சொல்லிப் பார்த்தான், வந்தவர்கள் அதைச் சொல்லி வழி கேட்டால் இங்கே ஒருவனுக்கும் விளங்கவில்லை. இப்போது போனில் கேட்கிறவர்களுக்கெல்லாம், "தெயானிரா கடைக்கு நேரா ஆத்தக் கடந்தா நூறு மீட்டர்" என்கிறான். என் பேரைச் சொல்லித்தான் அவன் தினமும் சோறு தின்ன வேண்டும்.

வருகிறவர்கள் என் பெஞ்சில் உட்கார்ந்து ஆறு எப்படி இருக்கிறது என்று கேட்கிறார்கள். உள்ளதைச் சொல்கிறேன். பாதிப் பேர் திரும்பிவிடுகிறார்கள்.

கயிற்றைக் காயவைத்து பெஞ்சுக்கு அடியில் சுருட்டி வைத்திருக்கிறேன். அடுத்த தடவை எவேலியோ மாட்டிக்கொள்ளும்போது, கரையில் ஜீப் எதுவும் நிற்காமல் பார்த்துக்கொள்ளும்படி மாதாவிடம் கேட்டிருக்கிறேன்.