உலோமாவின் நாற்பது கண்ணாடிகள்

எங்கள் ஆய்வகத்தில் ஒரு சட்டம் உண்டு: தன் வரைபடத்தில் தானே கோடு போடக் கூடாது. பேராசிரியர் அன்யடிக்கே அம்மாள் போட்ட சட்டம். எங்கள் எனுகு நகரத்தில் மற்ற ஆய்வகத்துக்காரர்கள் இதைக் கேட்டால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். பொருள் ஒளியை விழுங்குவதைக் காட்டுகிற வரைபடத்தில், வளைந்து ஏறுகிற கோட்டின் நேரான பகுதியில் அடிமட்டத்தை வைத்துக் கீழ் அச்சு வரைக்கும் இழுக்க வேண்டும். அது போய்த் தொடுகிற எண்தான் அந்தப் பொருளின் ஆற்றல் இடைவெளி. அந்த எண்ணுக்குக் குறைந்த ஆற்றலோடு வருகிற ஒளியைப் பொருள் சும்மா விட்டுவிடும், மேற்பட்டதை விழுங்கிக்கொள்ளும். அடிமட்டத்தை மயிரிழை சாய்த்தால் போதும், எண் மாறிவிடும். மனுஷக் கை தனக்குப் பிடித்த பக்கம்தான் சாயும். அதனால் அம்மாள் பேரை மறைத்து, தாள்களைக் கலைத்து, வேறு யாரிடமாவது கொடுத்துவிடுவார்.

அந்தத் திங்கட்கிழமை தாள்கள் என்னிடம் வந்தன. ஒரு கையில் ஓக்பா என்கிற அவித்த பயறுப் பண்டம், இன்னொரு கையில் அடிமட்டம். முதல் கோடு நான்கில் போய்த் தொட்டது. இரண்டாவதும் நான்கு. ஐந்து தாளும் நான்கு. ஓக்பாவை வைத்துவிட்டேன்.

பேரை மறைத்தால் என்ன, ஐந்து கலவை வைத்திருந்தவள் என்னோடு ஆராய்ச்சி செய்கிற உலோமா ஒருத்திதான். துத்தநாக ஆக்சைடைக் கண்ணாடித் துண்டுகளில் படியவைத்து, அதில் கோபால்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போவது அவள் வேலை. வெறும் துத்தநாக ஆக்சைடின் இடைவெளி மூன்று புள்ளி மூன்று. அது வெயிலில் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாத் துளியை மட்டும் விழுங்கும், மீதி வெயில் வீண். இடைவெளியைக் குறைத்தால் சாதாரண வெயிலையும் விழுங்கும், அந்தப் படலத்தைக் கிணற்றுத் தண்ணீரில் வைத்தால் அழுக்கை வெயிலே தின்றுவிடும். அதற்காக இரண்டு வருஷம் முட்டை அடை காப்பதுபோல முகவைகளோடு உட்கார்ந்திருந்தாள். ஒளியை அளக்கிற கருவியில் விளக்கு எரிந்துபோய்க் கிடந்ததால் எதையும் அளக்க முடியவில்லை. புது விளக்கு போன வாரம்தான் வந்தது. வெள்ளிக்கிழமை அவளுடைய ஆய்வேட்டைச் சோதிக்கிற குழு கூடுகிறது. பல்கலைக்கழகம் கொடுத்த கடைசி நீட்டிப்பு அதோடு முடிகிறது. சொல்ல ஏதாவது இருந்தால் பட்டம், இல்லாவிட்டால் வீடு.

ஐந்து கலவைக்கும் ஒரே எண் வருமா? அதுவும் மூன்று புள்ளி மூன்றை விட மேலே? அவளைக் கூப்பிட்டேன்.

"உலோமா, கருவியில ரெண்டாவது இடத்துல என்ன வெச்ச?"

"ஒண்ணும் வெக்கல. ஏன்?"

"வெறும் கண்ணாடி வெக்கணும்ல? அப்பத்தானே கண்ணாடி விழுங்குறது கழியும்?"

"எல்லாக் கண்ணாடியிலயும் படிய வெச்சுட்டேன் டூபெம். பாக்கெட்டே காலி." சொல்லிக்கொண்டே வந்தவள் தாள்களைப் பார்த்ததும் நின்றாள். விளிம்பு உடைந்து ஒதுக்கிவைத்திருந்த துண்டு ஒன்றை எடுத்து வினிகரில் போட்டாள். படலம் கரைந்து போனதும் கழுவித் துடைத்துக் கருவிக்குள் வைத்தாள். கோட்டை நான்தான் போட்டேன்.

நான்கு.

"நான் அளந்தது கண்ணாடியை," என்றாள் உலோமா. "கடையில வாங்கின கண்ணாடியை."

"விடு தாயே, கண்ணாடிக்காவது டாக்டர் பட்டம் கிடைக்கட்டும்," என்றேன். என் வாய் அப்படி. அவள் திட்டுவாள் என்று பார்த்தேன். அவள் கருவியின் மூடியைத் திறந்தாள்.

கழுவின துண்டை ஒப்பிட வைத்துவிட்டு ஒரு படலத்தை அளந்து பார்த்தோம். கண்ணாடியின் பங்கு கழிந்துபோனது, மிச்சம் இருந்தது கோட்டின் வெறும் நடுக்கம். படலம் அவ்வளவு மெல்லிசு. ஒளி அதைக் கண்டுகொள்ளவே இல்லை. கனமாகப் புதிதாகச் செய்ய நாள் இல்லை, மின்சாரத்துக்கும் உத்தரவாதம் இல்லை. வெளியே வறண்ட ஹார்மட்டான் காற்று கொண்டுவந்த தூசி ஜன்னலெல்லாம் அப்பிக் கிடந்தது. நான் மேசையைத் துடைக்கிற சாக்கில் அவள் முகத்தைப் பார்க்காமல் இருந்தேன்.

"டூபெம், ஒரு கலவைக்கு எட்டுத் துண்டு வெச்சிருக்கேன்."

"தெரியுமே. ஊர் சிரிச்சுது."

சிரித்தவன் நான்தான். ஒன்று செய்ய வேண்டிய இடத்தில் எட்டு செய்வாள். எட்டும் ஒரே தண்ணீர், ஒரே சூடு. நடுவில் மின்சாரம் போனால் முகவையில் இருப்பதையெல்லாம் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்குவாள். இது என்ன பைத்தியக்காரத்தனம் என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன்.

"ஒண்ணு கண்ணுக்குத் தெரியலன்னா எட்டையும் அடுக்கி வெச்சா?"

நான் துடைக்கிற துணியைக் கீழே போட்டேன். ஒளி எட்டுப் படலத்தையும் கடந்து வர வேண்டும், ஒவ்வொன்றும் கொஞ்சம் விழுங்கும். எட்டும் ஒரே மாதிரி இருந்தால்தான் இது நடக்கும். இருந்தன. கருவியில் குப்பி வைக்கிற பள்ளத்தில் எட்டுத் துண்டும் இடிக்காமல் நின்றன. கோபால்ட் கூடின அடுக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தாள். தனித்தனியாகத் தெரியாத பச்சை லேசாகத் தெரிந்தது.

"எதிர்ல வெறும் கண்ணாடி எட்டு வேணும்," என்றேன். "கடைக்குப் போய்ட்டு வரட்டுமா?"

"வேற பாக்கெட் ஒத்துவராது. இதே கண்ணாடி வேணும்." அவள் ஐந்து அடுக்கையும் வரிசையாக வைத்தாள். "ஒரு அடுக்கைக் கழுவணும்."

"அப்போ கோபால்ட் இல்லாததைக் கழுவு. மூணு புள்ளி மூணுன்னு உலகத்துக்கே தெரியும். அதை அளந்து என்ன ஆகப்போகுது?"

"அதை மட்டும் தொடக் கூடாது. தெரிஞ்ச நம்பர் சரியா வந்தாத்தான் தெரியாத நம்பரை நம்ப முடியும்."

"பின்ன?"

அவள் ஐந்தாவது அடுக்கை எடுத்தாள். கோபால்ட் அதிகம் இருந்தது அதில்தான். இடைவெளி எல்லாவற்றையும் விடக் குறைவாக வர வேண்டியதும் அதில்தான். குழுவின் முன் மார்தட்டிக்கொள்ள ஒன்று உண்டென்றால் அதுதான்.

"பைத்தியமா உனக்கு? ரெண்டாவதையோ மூணாவதையோ கழுவேன்."

"நடுவுல ஒரு படி இல்லாம ஏணி காட்டினா யாருக்கு நம்பிக்கை வரும்? கடைசிப் படி இல்லன்னா ஏணி குட்டை, அவ்வளவுதான்."

வினிகரில் ஒவ்வொன்றாகப் போட்டாள். நான் தட்டைப் பிடித்துக்கொண்டேன்.

அன்று போன மின்சாரம் வியாழக்கிழமை மதியம்தான் வந்தது. நான்கு அடுக்கையும் அளந்து முடித்தாள். அம்மாள் தாள்களைக் கலைத்துப் பேரை மறைத்துக் கொடுத்தார். அடிமட்டத்தை வைத்தேன். முதல் தாள் இரண்டு புள்ளி எட்டு. அடுத்தது மூன்று புள்ளி இரண்டு. அதற்கடுத்தது மூன்று. கடைசித் தாள் மூன்று புள்ளி மூன்று. அம்மாள் பேர்களைத் திறந்து வரிசைப்படுத்தினார். கோபால்ட் கூடக் கூட எண் படிப்படியாக இறங்கியிருந்தது. கலக்காத அடுக்கு உலகம் சொல்கிற எண்ணையே சொல்லியிருந்தது. உலோமா ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். அம்மாள் அவள் தலையில் கை வைத்துவிட்டு வெளியே போனார்.

வெள்ளிக்கிழமை குழுவின் முன் அவள் முதலில் காட்டியது கண்ணாடியின் வரைபடம். "திங்கக்கிழமை வரைக்கும் என் கிட்ட இருந்தது இதுதான்," என்றாள். யாரும் கேட்கவில்லை, அவளாகவே சொன்னாள். நான் பின்வரிசையில் நெளிந்தேன். அப்புறம் நான்கு அடுக்கையும் காட்டினாள். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் டாக்டர் அகின்சொலா, பேச்சில் கருணை என்பதே கிடையாத மனிதர், ஆய்வறிக்கையைப் புரட்டினார்.

"அஞ்சு கலவைன்னு எழுதியிருக்கீங்க. நாலுதானே இருக்கு? அஞ்சாவதுதான் முக்கியம். எங்க அது?"

"கழுவிட்டேன் ஐயா."

"கழுவிட்டீங்களா? ரெண்டு வருஷ வேலையில உருப்படியான ஒண்ணை?"

"வெறும் கண்ணாடி இல்லாம மத்த நாலுக்கும் அர்த்தமே கிடையாது ஐயா. அதைக் கழுவி எடுத்த எட்டுக் கண்ணாடியைத்தான் நாலுக்கும் எதிர்ல ஒப்பிட வெச்சேன்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். வரைபடங்களை இன்னொரு தடவை முதலிலிருந்து பார்த்தார். நான் அம்மாளைப் பார்த்தேன், அம்மாள் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க இடத்துல என் மாணவன் யாராவது இருந்திருந்தா," என்றார் அகின்சொலா, "அந்த அஞ்சாவதைத்தான் வெச்சுக்கிட்டிருப்பான்." ஆய்வறிக்கையை மூடிவிட்டு, "நானும்தான்," என்றார். பிறகு எழுந்து நின்று மேசைக்கு மேலாக அவளுக்குக் கையை நீட்டினார்.