எதுவும் கேட்காத வாரம்

கணவனின் வேன் ஓட்டும் வேலை வாரத்துக்கு மூன்று நாளாகக் குறைந்தபோது அவள் பதறவில்லை. பற்பசைக் குழாயை நடுவில் வெட்டி, உள்ளே ஒட்டியிருந்ததை வழித்து இன்னும் ஐந்து நாள் ஓட்டினாள். தேய்ந்துபோன சோப்புத் துண்டுகளைப் பழைய காலுறைக்குள் போட்டு முடிச்சுப் போட்டாள். பருப்பு பாதி வெந்ததும் அடுப்பை அணைத்துப் பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி வைத்தாள். மீதி வேக்காட்டைக் கம்பளி பார்த்துக்கொண்டது. கணவன் அவளுக்கு ‘மிச்சராணி’ என்று பட்டம் கொடுத்தான். அவளுக்கு அது பிடித்துத்தான் இருந்தது.

பொருளை இழுத்துப் பிடித்துவிடலாம், பிள்ளைகளின் வாயை என்ன செய்வது? கடையைக் கண்டால் போதும், சின்னவன் தரையில் உட்கார்ந்துவிடுவான். அவனை அடக்கத்தான் அந்தப் போட்டியைக் கண்டுபிடித்தாள். வாரம் முழுக்க எதையும் கேட்காமல் இருக்கிறவருக்கு ஞாயிற்றுக்கிழமை ஜன்னலோர நாற்காலி. முதல் பரிமாறல் அவருக்குத்தான். அன்று முழுக்க ஒரு வேலையும் செய்ய வேண்டாம்.

சின்னவன் திங்கள் மதியத்தைத் தாண்டியதே இல்லை. பந்து, பலூன், பக்கத்து வீட்டு நாய் என்று எதையாவது கேட்டுத் தோற்றுவிட்டுச் சிரிப்பான். பெரியவள்தான் ஜெயித்தாள். ஏழு வயதில் அந்த நாற்காலியில் ஏறியவள் ஒன்பது வயதாகியும் இறங்கவில்லை. ஞாயிறு தோறும் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். அவளுக்கு அங்கே என்ன தெரிகிறது என்று யாரும் கேட்டதில்லை.

சலவைக் கடையில் இஸ்திரி போட்டுக்கொண்டே அம்மா இதைச் சொல்லாத நாளில்லை. தன் மகள் தங்கம், வாயைத் திறந்து ஒன்று கேட்க மாட்டாள் என்பாள். எல்லாம் வளர்ப்புதான் அக்கா என்று துணி மடிக்கிறவள் சொல்லும்போது, குனிந்து ஒரு காலரை இன்னொரு தடவை தேய்ப்பாள்.

பள்ளியிலிருந்து வகுப்பாசிரியை கூப்பிட்டு அனுப்பியது ஒரு செவ்வாய்க்கிழமை. பெரியவளின் பக்கத்தில் உட்காரும் பெண் காய்ச்சலில் ஒரு வாரம் வரவில்லையாம். அந்த வாரம் முழுக்க இவள் நோட்டில் ஒரு வரி இல்லை. அப்போதுதான் ஆசிரியைக்குப் புரிந்திருக்கிறது, இத்தனை நாளும் இவள் கரும்பலகையைப் பார்த்து எழுதவே இல்லை என்று.

கண் டாக்டர் அதட்டவில்லை. அதட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அம்மாவுக்கு. இரண்டு கண்ணுக்கும் கண்ணாடி வேண்டும், வலது கண் அதிலேயே தெளிந்துவிடும் என்றார். இடது கண்தான், பார்க்கவே பழகாமல் இருந்துவிட்டது. நல்ல கண்ணை மூடிவைத்துப் பழக்கலாம், ஓரளவு தேறும், முழுசாக வருமென்று சொல்ல முடியாது. கடைசியாக, வேறெங்கோ பார்த்தபடி சொன்னார்:

“ரெண்டு வருஷம் முன்னாடி வந்திருந்தா நல்லா இருந்திருக்கும்மா.”

ரெண்டு வருஷம். அவள் யோசித்துப் பார்க்கவே தேவையிருக்கவில்லை.

வெளியே பெஞ்சில் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, எப்போதிலிருந்து சரியாகத் தெரியவில்லை என்று கேட்டாள். இரண்டாம் வகுப்பிலிருந்து என்றாள் மகள், ஏதோ மற்றவர் விஷயம் மாதிரி.

“ஏன்டி அம்மாகிட்ட சொல்லலை?”

மகள் அவளை ஆச்சரியமாகப் பார்த்தாள். “சொன்னா கேட்ட மாதிரி ஆயிடும்லம்மா?”

எதையெல்லாம் மிச்சம் பிடித்தோம் என்று அம்மாவால் வரிசையாகச் சொல்ல முடியும். எதைக் கொடுத்து மிச்சம் பிடித்தோம் என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. மகளின் கையைப் பிடித்தாள். அது குளிர்ந்திருந்தது. ஸ்வெட்டர் சின்னதாகிப்போய் எத்தனை நாளாயிற்று?

கண்ணாடிக் கடைக்காரர் சட்டங்களைத் தட்டுத் தட்டாக எடுத்து முகம் பார்க்கும் கண்ணாடி முன் பரப்பினார். மகள் ஒரு சிவப்புச் சட்டத்தின் மேல் விரலை வைத்தாள்; உடனே எடுத்துவிட்டு, ஓரத்தில் கிடந்த பழுப்பு நிறத்தைக் காட்டி அதுவே போதும் என்றாள்.

“உனக்குப் பிடிச்சதைக் கேளுடா கண்ணு. போட்டியெல்லாம் முடிஞ்சு போச்சு.”

“அப்ப நாற்காலி யாருக்கு?”

“யாருக்கும் இல்லை.”

மகளின் முகம் வாடிவிட்டது. அவளிடம் இருந்த ஒன்றையும் பிடுங்கிவிட்டோம் என்று அம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. சிவப்பை எடுத்துக் கடைக்காரரிடம் நீட்டினாள். மகள் அவர் காதில் விழாதபடி கிட்டே வந்து, “நீயாத்தான் வாங்குன. நான் கேக்கலை,” என்றாள்.

“இல்லைடா, நீ கேக்கலை.”

திரும்பும் வழியெல்லாம் கடைகள். பலூன் தொங்கிய கடை, ஐஸ்கிரீம் வண்டி, பொம்மைகள் அடுக்கிய கண்ணாடி அலமாரி. இத்தனை வருடமும் அம்மா இந்தத் தெருவை எட்டி எட்டி நடந்துதான் கடந்திருக்கிறாள். இன்று ஒவ்வொரு கடை முன்னும் நடையைக் குறைத்தாள். ஒன்றே ஒன்று, எது வேண்டுமானாலும் கேட்கட்டும் என்று காத்துக்கொண்டே நடந்தாள். மகள் எந்தப் பக்கமும் திரும்பவில்லை. தெரு முடியும் இடத்தில்தான் தலையை நிமிர்த்திப் பார்த்தாள்.

“ஏம்மா இவ்வளவு மெதுவா வர்ற? கால் வலிக்குதா?”