சென்னியம்மாளுக்குத் தண்ணி தெரியாது

"வெள்ளப் பூ வந்தா மாத்திரைய நிறுத்திரோணும். செவப்பு வந்தா உன்ற இஷ்டம். என்ன அம்மிணி, சம்மதந்தானே?"

மாரியம்மன் கோயில் வாசலில் மருதாசலம் கேட்டது கேள்வி மாதிரியே இல்லை. போர்க்கிணறு போடும் தன் ரிக் வண்டியின் டிரைவரை விரட்டுகிற குரல்தான் அது. சென்னியம்மாளுக்கு அவர் மூத்தார், புருஷனின் அண்ணன். அவருக்குப் பக்கத்தில் அவள் புருஷன் மயில்சாமி தலையைக் குனிந்தபடி நின்றான். பின்னால் வெள்ளியங்கிரி, ராசிபுரத்துப் பக்கத்துக்காரர். தன் தோட்டத்துக் கிணறு வற்றிப்போய், மருதாசலத்தின் வண்டியில் போர் போட வந்தவர். சென்னியம்மாள் இடத்தைக் கை காட்டினால்தான் துளை போடுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

எண்பத்து மூன்றாம் வருஷத்து வறட்சி. ரிக் வண்டிக்காரர்களுக்கு நல்ல காலம். ஆனால் மருதாசலத்தின் வண்டி மட்டும் சும்மா நின்றது. காரணம், அவர் வண்டியோடு வரும் 'சாமி' மாத்திரை சாப்பிடுகிறது!

எல்லாம் மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு சித்திரையில் ஆரம்பித்தது. சென்னியம்மாளுக்குத் தூக்கம் போனது. ஆனால் அசதி வரவில்லை. விடியுமுன் தெரு வாசல் முழுவதையும் கூட்டித் தள்ளினாள். அவள் பேச்சே அவள் பேச்சை முந்தியது. கழுத்துச் சங்கிலியைக் கழற்றி வளையல்காரிக்குப் போட்டுவிட்டாள். அதே வேகத்தில் ரிக் நின்ற தோட்டத்துக்குள் ஓடி, "இங்க போடுங்க, கங்கை கெடக்கறா!" என்று குதித்தாள்.

போட்டார்கள். தண்ணீர் பீய்ச்சி அடித்தது.

அவ்வளவுதான். நோவு சாமியாகிவிட்டது.

அப்புறம் இரண்டு வருஷம், ஏற்றம் வரும்போதெல்லாம் அவள் கை காட்டிய இடமே துளை போடும் பாயிண்ட். தண்ணீர் வந்தால் சாமியின் சக்தி. தண்ணீர் இல்லாமல் வெறும் பாறைப் புகை கிளம்பினால் தோட்டத்துக்காரன் ஊட்டில் தீட்டு. எப்படிப் போட்டாலும் மருதாசலம் தோற்காத கணக்கு.

போன வருஷம் ஆடி பிறந்ததும் அவள் கட்டிலோடு கிடந்தாள். தலை வாரவில்லை. பெற்ற மகள் மடியில் ஏறினாலும் கை எழும்பவில்லை. "சாமி மலையேறிருச்சு. தானா எறங்கும்," என்றார் மருதாசலம். ஒருநாள் கிணற்று மேட்டில் நின்றவளை மயில்சாமிதான் எட்டிப் பிடித்தான். அண்ணனிடம் மூச்சு விடாமல் சேலத்துக்குப் பஸ் ஏற்றினான்.

டாக்டரம்மா ஜெபமலர் கேட்ட முதல் கேள்வியே அவளைத் தூக்கிவாரிப் போட்டது. "உங்க வம்சத்துல வேற யாருக்காவது இப்படி இருந்துச்சா?"

சுப்பையன் மாமன்! ஏர் மாட்டை விற்றுக் குதிரை வாங்கி ஊரைச் சுற்றிய தாய்மாமன். அடுத்த மழைக்குள் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டவர். ஊர் அதைச் செய்வினை என்றது.

"ஏறுறதும் இறங்குறதும் ஒரே வியாதிதாம்மா," என்றார் டாக்டரம்மா. "மூளைல நடக்கற கோளாறு. வம்சவழியா வரும். தூக்கம் கெட்டா, பெரிய அதிர்ச்சி பட்டா கிளம்பும். இது சாமியும் இல்ல, உன் தப்பும் இல்ல."

லித்தியம் என்று ஒரு மாத்திரை. அதற்காக அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். கை லேசாக நடுங்கியது, தாகம் வாட்டியது. எல்லாவற்றையும்விடப் பெரிய கஷ்டம் ஒன்றை அவள் யாரிடமும் சொல்லவில்லை: அந்த ஏற்றத்தின் மேல் அவளுக்கே ஆசை இருந்தது. ஊரே காலில் விழுந்த நாட்கள் அல்லவா! ஆனாலும் கிணற்று மேட்டை நினைத்துக்கொண்டு மாத்திரையை விழுங்கினாள்.

இப்போது பூசாரியின் மகள் அம்மன் காலடியிலிருந்த இரண்டு பூப் பொட்டலங்களில் ஒன்றை எடுத்துப் பிரித்தாள்.

வெள்ளை.

"உத்தரவு ஆயிருச்சு!" மருதாசலம் கையைத் தட்டினார். "ஆத்தாளே சொல்லிட்டா. மாத்திரைய இங்கயே வீசு அம்மிணி."

"ஆத்தா உத்தரவு குடுத்துட்டாங்க மாமா. நான் குடுக்கலீங்களே!"

"ஏய்! ஆத்தாளையே எதுத்துப் பேசறயா?"

"அம்மைன்னா அவளுக்குத் தெரியுமுங்க. இந்த நோவு அவளுக்குப் புதுசு."

கூட்டத்தில் எவனோ சிரித்து, உடனே இருமினான்.

சென்னியம்மாள் வெள்ளியங்கிரி பக்கம் திரும்பினாள். "பெரியவரே, எனக்குத் தண்ணி தெரியாதுங்க. நோவு முத்தி, தூக்கங்கெட்டுக் கை காட்டுனேன். வந்த தண்ணி மண்ணுல இருந்தது. எனக்கும் அதுக்கும் சம்பந்தமில்லீங்க."

"பொழப்புல மண்ண அள்ளிப் போடறாளே! மயிலு, உன்ற பொண்டாட்டிய இழுத்துட்டுப் போடா!"

மயில்சாமி நகரவில்லை. வெள்ளியங்கிரிதான் முன்னால் வந்தார்.

"நில்லுங்க! போன வருசம் என்ற மச்சான் தோட்டத்துல நீங்கதான் கை காட்டுனீங்க. பொகதான் வந்துச்சு. தீட்டு எங்கன்னு தேடி, என்ற தங்கச்சி ராமாயி தலைல கட்டி ஊட்ட விட்டுத் தொரத்திட்டாங்க. இன்னைக்கும் எங்க ஊட்லதான் அழுதுட்டிருக்கறா. அப்ப அவ மேல தப்பே இல்லீங்களா?"

சென்னியம்மாளுக்கு அப்போதுதான் உறைத்தது. தன் நோவு யாரோ ஒருத்தியின் கழுத்தில் போய் விழுந்திருக்கிறது! அந்தப் பெண்ணுக்கு மாத்திரைகூடக் கிடையாது.

முந்தானை முடிச்சை அவிழ்த்து மதிய மாத்திரையை எடுத்தாள். கை நடுங்கியது. நடுங்கட்டும் என்று எல்லார் முன்னாலும் வாயில் போட்டு விழுங்கினாள்.

"நில்லுடி! இந்தப் படிய விட்டு எறங்குனா, திரும்பி என்ற ஊட்டு வாசல்ல கால் வெக்கக் கூடாது!" மருதாசலத்தின் குரல் கோயிலையே கிடுகிடுக்க வைத்தது.

"அது உங்க தம்பி ஊடுந்தானுங்க மாமா. வேணும்னா கோர்ட்டுல பேசிக்கலாம்." அவள் செருப்பை மாட்டினாள். "வாங்க பெரியவரே. முதல்ல ராமாயியக் கூட்டிக்குவோம். அப்புறம் உங்க மச்சான் ஊட்டு வாசல்ல நின்னு, ஊரக் கூட்டி நானே சொல்றேன்."

"அடிக்க வருவாங்க சாமி," என்றார் வெள்ளியங்கிரி தயங்கியபடி.

"வரட்டுமுங்க. சாமின்னு கும்புட்டவங்கதானே? அடிக்கவும் கொஞ்சம் கூசும்."

பஸ் ரோட்டைப் பார்த்து அவள் விறுவிறுவென்று நடந்தாள். மயில்சாமி அண்ணனை ஒரு தடவை பார்த்தான். பிறகு அவள் பின்னால் ஓடினான்.