வேல்விழி எழுதிய தன்னிலை விளக்கங்கள்

அந்த ஒரகடம் கம்பெனியில் பத்து நிமிஷம் லேட்டாக வந்தாலும் வெள்ளைத் தாளை நீட்டிவிடுவார்கள். 'தன்னிலை விளக்கம்' எழுத வேண்டும். அப்பேர்ப்பட்ட வார்த்தையைக் கேட்டதும் உற்பத்தி லைனில் இருந்த பெண்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கேன்டீன் சாம்பார் தண்ணியாக இருந்தால் சமையல்காரர் தன்னிலை விளக்கம் கொடுக்க வேண்டும் என்பார்கள். கம்பெனி பஸ் மண்ணூரில் நிற்காமல் போனால் டிரைவர். குடித்துவிட்டு வந்த புருஷன்மாரிடம்கூடக் கேட்டுப் பார்த்தார்களாம். ஒருத்தனும் எழுதித் தரவில்லை.

எழுதித் தந்தவள் வேல்விழி. முத்துமுத்தான எழுத்து, லைனில் யாருக்குக் கடிதம் என்றாலும் அவள்தான். பஸ்ஸை விட்டாலும், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் கடைசி வரி மட்டும் மாறாது: 'இதற்கு என் கவனக்குறைவே காரணம் எனத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.' ஆபீஸில் அந்த வரி இருக்கிறதா என்று மட்டும் பார்த்து, இரண்டு பிரதியிலும் முத்திரை குத்தி, ஒன்றைத் திருப்பித் தருவார்கள். மேலே என்ன கதை இருந்தாலும் யாருக்கும் கவலையில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை பிரஸ் மிஷினில் எழிலரசியின் வலது கை மாட்டி இரண்டு விரல் போய்விட்டது. கை உள்ளே போனால் மிஷினை நிறுத்துகிற சென்சாரை, வேலை மந்தமாகிறதென்று சூப்பர்வைசர் கோதண்டம் முந்தின நாளே ஆஃப் பண்ணச் சொல்லியிருந்தார். லைனுக்கே தெரியும். அன்று சாயங்காலம் அவரே வெள்ளைத் தாளோடு வேல்விழியிடம் வந்தார்.

"அந்தப் பொண்ணால எழுத முடியாது. வழக்கமா எழுதுவியே, அதே மாதிரி எழுதும்மா. லீவுக்குத்தான்."

வேல்விழிக்கு அழுகை நிற்கவில்லை. கண் பாட்டுக்கு அழுதது, கை பாட்டுக்கு எழுதியது. கடைசி வரியையும் சேர்த்தே எழுதிவிட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் எழிலரசி இடது கையால் கையெழுத்துக் கிறுக்கினாள். அக்கா எழுத்துதானே என்று படிக்கவில்லை.

பத்து நாள் கழித்து அவள் போன் பண்ணினாள். "யக்கா, என்மேலதான் தப்புன்னு நானே எழுதிக் குடுத்துக்கீறேனாம். நஷ்டஈடும் இல்ல, வேலையும் இல்லன்றாங்க. இன்னாக்கா எழுதுன?"



மறுநாள் காலையில் வேல்விழி கோதண்டத்திடம் போய் அந்தத் தாளைத் திருப்பிக் கேட்டாள். அவர் கோபப்படவில்லை.

"அது ஃபைலுக்குப் போயிடுச்சும்மா. இந்த மாசம் பர்மனென்ட் லிஸ்ட்ல உன் பேர் கீது. வாயத் தொறந்தின்னா, பொய் லெட்டர் எழுதுனவ நீதான்னு ஆவும். எழுத்து உன்னுதுதானே?"

ஆறு வருஷமாகக் கான்ட்ராக்டில் கிடந்து காத்திருந்த லிஸ்ட் அது. சொன்னால் தன் பிழைப்பு போச்சு, சொல்லாவிட்டால் எழிலரசியின் பிழைப்பு போச்சு. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவராக இருந்தது. மதியம் சோறு இறங்கவில்லை. பக்கத்திலிருந்த செல்வலட்சுமி பழக்கதோஷத்தில், "ஏன் துன்னலன்னு தன்னிலை விளக்கம் குடுடி" என்றாள். எத்தனையோ தரம் சிரித்த வார்த்தைதான். இன்று அது கழுத்தைப் பிடித்தது.

வேல்விழி டப்பாவை மூடிவிட்டுத் தாள் எடுத்தாள். சென்சாரை ஆஃப் பண்ணச் சொன்னது யார், எழிலரசி பெயரில் கடிதம் எழுதியது யார், எழுதச் சொன்னது யார், ஒன்றுவிடாமல் எழுதினாள். முடிக்கும்போது கை தானாகவே பழைய கடைசி வரியைப் போட்டுவிட்டது. அடிக்கப் போனவள் நிறுத்திக்கொண்டாள். இத்தனை கடிதங்களில் இது ஒன்றில்தான் அந்த வரி நிஜம். கீழே தன் பெயரைப் போட்டு, இன்னொரு பிரதியும் எழுதினாள்.

ஆபீஸில் இருந்த பெண் வழக்கம்போல அடியில் ஒரு பார்வை பார்த்தாள். இரண்டிலும் 'பெறப்பட்டது' என்று முத்திரை குத்தி, ஒன்றைத் திருப்பித் தந்தாள்.

"இன்னாக்கா, லேட்டா?"

"ஆமாம்மா," என்றாள் வேல்விழி, எழிலரசிக்குக் கொடுக்க வேண்டிய தாளை மடித்துக்கொண்டே. "பதினோரு நாள் லேட்டு."